நாணயம் காப்போம்



நாம் கூடியிருக்கும் இந்த மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் லெபோ அம்பாங் வந்துவிடும். ஒரு காலத்தில் அத்தெருவில் நகரத்தாரின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்தன. கடன் கேட்டு வருவோரின் ஈட்டைப் பார்த்ததோடு, அவருடைய நாணயத்தையும் விசாரித்தறிந்த பின்னரே அவர்கள் பணம் கொடுத்தனர். நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்றும் பொருள். சொன்ன சொல் தவறாமை என்றும் பொருள்.

இன்று அந்த விசாரணையை ஏடுகள் செய்கின்றன. பேங்க் நெகாரா 2001ஆம் ஆண்டு முதல் 'சிசிரிஸ்' என்னும் கடன் பதிவு முறையை நடத்தி வருகிறது. கடந்த 12 மாதங்களில் நாம் தவணைகளை எவ்வாறு செலுத்தினோம் என்பதை அது வங்கிகளுக்குக் காட்டும். தவணை தவறியவருக்குப் புதுக் கடன் கிடைப்பது அரிது.

தோட்டத்தில் வாழ்வோர்க்குக் கார் வெறும் ஆடம்பரம் அன்று. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அதன் அருமை தெரியும். அந்தத் தேவையை அறிந்துதான், "கடன் பெயர் கெட்டிருந்தாலும் பரவாயில்லை, கார் தருகிறோம்" என்று சில விற்பனையாளர்கள் அழைக்கின்றனர். ஒன்றை மறவாதீர்கள்: விற்பனையாளர் காரை விற்பவர், பெரும்பாலும் கடன் கொடுப்பது வங்கி. தாள்களை வங்கிக்கு அனுப்புவதே அவர் செய்யும் உதவி. கெட்ட பதிவை நல்ல பதிவாக மாற்ற அவரால் இயலாது.

ஆகவே, வெற்றுத் தாளில் கையொப்பம் இடாதீர்கள். சம்பளச் சீட்டைத் திருத்தித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மாதத் தவணையை மட்டும் கேளாமல், மொத்தத்தையும் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, 40,000 ரிங்கிட் காருக்கு 4,000 ரிங்கிட் முன்பணம் கட்டுகிறீர்கள். எஞ்சிய 36,000 ரிங்கிட்டுக்கு மாதம் 450 ரிங்கிட் வீதம் 108 மாதம் செலுத்தினால் 48,600 ரிங்கிட் ஆகிறது. கடனுக்காக மட்டும் 12,600 ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். எண்ணெய், காப்புறுதி, சாலை வரி, பழுதுச் செலவு யாவும் இதற்குப் புறம்பானவை. மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் பெறும் குடும்பம் இதைத் தாங்குமா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

இதனினும் பெரிய ஆபத்து, பெயரை இரவல் கொடுப்பது. "மாமா, உங்கள் பெயரில் மட்டும் எடுத்துத் தாருங்கள், தவணையை நான் கட்டிவிடுகிறேன்" என்று உறவினர் கேட்பார். மறுக்க மனம் வராது. ஆனால், அவர் தவறினால் வங்கி தேடி வருவது உங்களைத்தான். கெடுவது உங்கள் நாணயந்தான். கொடுத்துதவ முடிந்ததைக் கையில் கொடுங்கள், பெயரைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே தவணை தவறியவர்கள் அஞ்சி ஒளிய வேண்டியதில்லை. 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் உங்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறிய பின்னும், எழுத்து மூலம் 21 நாள் அறிவிப்புக் கொடுக்காமல் வண்டியைப் பறிமுதல் செய்ய இயலாது. ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் செலுத்தியிருந்தால் நீதிமன்ற ஆணை வேண்டும். அறிவிப்புக் கடிதம் வந்தால் அதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், படித்தவரிடம் காட்டி உடனே வங்கிக்குச் செல்லுங்கள்.

பதிவைச் சீர்செய்யவும் வழியுண்டு. உங்கள் சிசிரிஸ் அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். தவறு இருந்தால் திருத்தக் கோரலாம். கடன் பல சேர்ந்து நெருக்கினால், 2006ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா தோற்றுவித்த ஏகேபிகே நிலையம் இலவசமாக ஆலோசனை வழங்கி, தவணைகளை ஒழுங்குபடுத்த உதவும். நிலுவையைத் தீர்த்து, பன்னிரண்டு மாதம் தவறாமல் செலுத்தினால், அந்தப் பன்னிரண்டு மாதத்தின் ஒழுங்கே உங்களுக்காகப் பேசும். அதற்குள் முன்பணமும் சற்றுச் சேர்ந்திருக்கும்.

பால் மரம் நட்ட அன்றே பால் தருவதில்லை. ஐந்தாறு ஆண்டு காத்து வளர்த்த பிறகே வெட்டுகிறோம் என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? நாணயமும் அத்தகையதே. ஓர் ஆண்டு பொறுத்து வாங்கும் கார், அவசரத்தில் வாங்கி இழக்கும் காரைவிட நெடுநாள் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்.