கருவி கொடுத்தால் போதுமா?



1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய காலம் முதல் நம்மவர்கள் அங்கே உழைத்து வருகிறார்கள். ஒரு காலத்தில் உற்பத்திக் கணக்கோ விற்பனைக் கணக்கோ வேண்டுமென்றால் கணினிப் பிரிவிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்று எக்செல், பவர் பிஐ, சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் அனலிட்டிக்ஸ் போன்ற மென்பொருள்கள் வந்துவிட்டன. கணக்கரும் மேற்பார்வையாளரும் தாங்களே அறிக்கை தயாரிக்கலாம். நல்ல வசதிதான். ஆனால், கருவியைக் கொடுத்துவிட்டுப் பயிற்சியை மறந்துவிடுகிறோமே, அது சரியா?

2020இல் இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, கோவிட் தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். காரணம் என்ன? பழைய வகை எக்செல் கோப்பு 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. மிச்சம் சத்தமில்லாமல் கழன்றுவிட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பது தாமதமானது. ஓர் அறிக்கையின் குறை உயிரோடு விளையாடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நானும் தவறியவள்தான். என் நிகழ்ச்சிக்கு வந்த தொலைபேசி அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் கூட்டி, இத்தனை நேயர்கள் என்று பெருமையோடு அறிக்கை வைத்தேன். இரண்டு வழியிலும் தொடர்பு கொண்டவரை இரண்டு பேராக எண்ணியிருந்தேன்! தவறு மென்பொருளில் இல்லை. நான் முறையாகக் கற்காததில் இருந்தது.

அப்படியானால், பயிற்சியில் எதைச் சொல்லித் தர வேண்டும்?

முதலில், கேள்வி. லிட்டல் இந்தியாவில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக் கொள்வோம். தீபாவளிக்கு முந்திய இரு வாரங்களில் எந்தச் சரக்கு அதிகம் போனது? இதற்குத் தேதி, சரக்கு, அளவு ஆகிய மூன்றும் போதும். ஐந்தாண்டு ரசீதுகளை முழுவதுமாக ஏற்றினால் கணினியும் திணறும், பார்ப்பவரும் திணறுவார்.

இரண்டாவது, ஒரு பொருளுக்கு ஒரே பெயர். ஒருவர் ‘மல்லி’ என்றும் இன்னொருவர் ‘கொத்தமல்லி’ என்றும் பதிந்தால் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். சரக்குப் பட்டியலைத் தனியே வைத்து, சரக்கு எண்ணைக் கொண்டு விற்பனையோடு இணைக்கப் பழக்க வேண்டும்.

மூன்றாவது, மொத்தத் தொகையைக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே அறிக்கையைப் பிறரிடம் காட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும், 10 மலேசிய ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனங்கள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்காகவே இருக்கிறது. முதலாளிகளே, அதைப் பயன்படுத்துங்கள். தம்பி தங்கைகளே, கேட்கத் தயங்காதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் யாராவது வண்ண வண்ணமாக வரைபடம் காட்டினால், “இது எந்தக் கேள்விக்குப் பதில்?” என்று கேளுங்கள். நல்ல அறிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது.