எங்கே நின்று பேசினார்கள்?



சிற்றூர்க் காதல் கதைகளை ஆராயக் கூடியிருக்கும் இந்த அவை, பெரிய கோட்பாடுகளுக்குப் போகுமுன் ஓர் எளிய கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். அந்த இருவரும் எங்கே நின்று பேசினார்கள்? பெருநகரத்துக் காதலர்களுக்குக் கடற்கரையும் கூட்டமும் உண்டு. திண்ணையில் ஒரு தாத்தாவும் எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு மாமியும் காவல் இருக்கும் தெருவில், ஒரு பையனும் பெண்ணும் ஐந்து நிமிடம் பேச ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துத் தரும் நாவலைத்தான் வாசகர் நம்புகிறார்.

தி. ஜானகிராமன் இதில் கெட்டிக்காரர். ‘மோகமுள்’ நாவலில் பாபு கும்பகோணத்தில் படிக்க வந்தவன். யமுனா அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் வீட்டுக்குள் அவன் போய்வரக் குடும்பப் பழக்கம் ஒன்றே சீட்டு. ஊர் கண்டும் காணாமலிருக்க அது போதும். யமுனாவின் தாய் பார்வதி, சுப்ரமணிய அய்யரின் இரண்டாவது துணை, தஞ்சாவூர் மராத்தியப் பெண். அதனாலேயே யமுனாவுக்கு வரும் வரன்கள் தட்டிப்போகின்றன. பெண் பார்க்க வருவதையும் பேச்சு முறிவதையும் பாபு பக்கத்திலிருந்தே பார்க்கிறான். ஒரு பார்வையில் மூண்ட மயக்கமாக இல்லாமல், வீட்டுக் கவலைகளின் நடுவே ஆசை வளர்கிறது. யமுனா மறுக்கிறாள். ஆண்டுகள் ஓடுகின்றன, சொத்து கரைகிறது, வறுமை வாட்டுகிறது. அதற்குப் பிறகே அவள் சம்மதம் வருகிறது. அதில் காதல் எவ்வளவு, களைப்பு எவ்வளவு என்று இன்றைக்கும் வாசகர்கள் சண்டை போடுகிறார்கள். ஞான ராஜசேகரன் 1995-இல் இதைப் படமாக்கியபோதும் அந்தச் சண்டை ஓயவில்லை.

மாத நாவல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் நாயகனுக்குக் கார் இருக்கிறது, பங்களா இருக்கிறது. எங்கே சந்திப்பது என்ற சிக்கலே எழுவதில்லை. அடுப்படி வேலை முடித்து அரைமணி நேரம் படுத்துக்கொண்டு படிக்கிறவருக்கு அந்தச் சுகம் தேவைதான். ஆய்வாளர்கள் அதை இளக்காரமாகப் பேசுவது சரியல்ல. ஆனால் அந்தக் கதைகளில் ஊர் வெறும் பெயர்ப்பலகை.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) நேர் எதிர்முனை. குமரேசன் சோடாத் தொழில் கற்க நகரத்துக்குப் போனவன். சரோஜாவை அங்கேதான் பார்க்கிறான். பிழைப்புக்காக வந்த இடம் என்பதால் அவனைக் கேள்வி கேட்கச் சொந்தக்காரர் யாருமில்லை. சந்திப்புக்கு அதுவே வழிவிட்டது. மணம் முடித்து ஊருக்கு அழைத்து வந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. தாய் மாராயி ஒப்பாரி வைக்கிறாள். பெண் என்ன சாதி என்ற கேள்வி வாசலிலேயே நிற்கிறது. நாவலோ இருவர் சாதியையும் கடைசிவரை பெயர் சொல்வதில்லை. சொல்லாததால் எந்த ஊர் வாசகரும் தன் ஊரை அங்கே வைத்துப் பார்க்க முடிகிறது. குமரேசனால் வியாபாரத்துக்காகச் சைக்கிளில் வெளியே போகாமல் இருக்க முடியாது. போனால் சரோஜா தனியாக இருப்பாள். முடிவிலிருக்கும் கொடூரம் இந்த அன்றாடக் கட்டாயத்திலிருந்தே பிறக்கிறது. சாதி மறுத்து மணம் செய்து, பின் மரணமடைந்த தருமபுரி இளவரசனுக்கு அந்த நூல் சமர்ப்பிக்கப்பட்டிருப்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

இமையத்தின் ‘எங் கதெ’ (2015) வேறொரு கதவைத் திறக்கிறது: அலுவலகம். கணவனை இழந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு பள்ளியில் எழுத்தர் வேலைக்கு வரும் கமலாவிடம் சம்பளம் இருக்கிறது. அவளை விரும்பும் விநாயகத்துக்கு வேலை இல்லை. உள்ளூர்ப் பேச்சுமொழியில் அவனே சொல்லும் கதை இது. யார் யாரைச் சார்ந்து நிற்கிறார் என்பது மாறிவிட்டதால் அவன் ஆண் என்ற மிதப்பு அடிவாங்குகிறது, அன்பு சந்தேகமாகத் திரிகிறது. அவன் சொல்வதை மட்டும் கேட்டுக் கமலாவை எடைபோடலாமா என்பது இங்கே விவாதிக்க வேண்டிய விஷயம்.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ இந்த வரிசையில் கட்டாயம் இடம்பெற வேண்டும். மணப்பாடு என்ற கடற்கரை ஊரில் பிலோமி என்ற மீனவப் பெண்ணின் காதல் கைகூடுவதில்லை. நாட்டுப்படகான வல்லத்துக்கும் விசைப்படகான லாஞ்சுக்கும் இடையே நடக்கும் தொழில் பகையின் நடுவே அவள் அதைத் தாங்குகிறாள்.

கட்டுரை வாசிக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாத்திரங்களின் மனத்தை அலசுமுன் அவர்கள் வருமானத்தையும், வாடகையையும், வீட்டுக்கு வீடு உள்ள சுவரின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அமர்வு ‘பூக்குழி’யில் தொடங்குகிறது, மாராயியின் தரப்பைப் பேச யாராவது முன்வந்தால் விவாதம் சூடுபிடிக்கும்.