‘மக்கு’ என்று முத்திரை குத்துவது யார்?

(ஆரணியில் நடந்த மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

உளவியலில் எம்.எஸ்சி. முடித்தவன் என்று என்னை அறிமுகப்படுத்தினீர்கள். அதற்கு முன்னால் நான் இந்த ஊர்க் குழித்தறியில் கரைக்கு நாடா போட்ட பையன். அப்பா கூலித் தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வைக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஒன்பது வயதில் அந்த வேலை எனக்குத் தப்பாது. பள்ளிக்கூடத்தில் மட்டும் நான் மக்கு. ‘சேரிப் பயலுக்கு மண்டையில ஏறாது’ என்றார் வாத்தியார். நானும் அதை நம்பினேன். அதுதான் கொடுமை.

பட்டமேற்படிப்பில்தான் இதன் வரலாறு தெரிந்தது. 1905இல் பாரிசில் பினே புத்திச் சோதனையை உருவாக்கியது, பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய. அமெரிக்காவுக்குப் போனதும் அது பிறவி அறிவை அளக்கும் தராசாகிவிட்டது. பிறப்பை வைத்துத் தரம் பிரிப்பது நமக்குப் புதுசா?

கறுப்பின மக்கள் சும்மா இருக்கவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் மந்த வகுப்பில் தள்ளப்பட்ட பிள்ளைகளைக் கறுப்பின உளவியலாளர்கள் மறுபடி சோதித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பழகிய பேச்சில் கேட்டபோது மதிப்பெண் கூடியது. அதை வைத்துப் பெற்றோர் 1971இல் வழக்குப் போட்டார்கள். 1979இல் ‘லாரி பி.’ வழக்கில் தீர்ப்பு: புத்திச் சோதனையைக் காட்டிக் கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்பில் போடக்கூடாது. ஆத்திரம் மட்டும் இருந்திருந்தால் ஜெயித்திருக்க முடியாது. அந்தப் படிப்பைப் படித்த சொந்த ஆட்கள் இருந்தார்கள்.

நம்ம பக்கம் யார் இருக்காங்க? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம். ஆனால் சான்றிதழ் வேணும். அதுக்குச் சோதிக்கத் தெரிந்த ஆள் வேணும். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ‘கற்றல் குறைபாடு’. நம்ம பிள்ளைக்கு ‘மக்கு’.

போன மாதம் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவந்தார். ‘மந்தம்னு சொல்றாங்கப்பா’ என்றார். சோதனைப் பெட்டியைத் திறக்குமுன் கேட்டேன்: ‘ராத்திரி எப்பம்மா தூங்குற?’ ‘பதினோரு மணிண்ணா. தறி வேலை.’ ‘போர்டு தெரியுதா?’ ‘கலங்கலா தெரியும்.’ கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். இப்போது வாசிக்கிறாள். தறிதான் இன்னும் விடவில்லை. அதற்குச் சோதனைப் பெட்டி போதாது. நாம் எல்லோரும் வேண்டும்.

உங்களில் இரண்டு பேராவது இந்தப் படிப்புக்குப் போங்கள். விண்ணப்பம் எழுத நான் கூட உட்காருகிறேன்.