அத்திவாரமும் கைத்திறனும்



பிள்ளையைக் கணினி படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பெற்றோர், "அங்கே கற்பிப்பது உத்தியோகம் தருமா?" என்று கேட்கின்றனர். காணியை ஈடு வைத்துப் படிப்பிப்பவர்க்கு அதைக் கேட்க முழு உரிமையுண்டு. ஆனால், அவசரத்தில் விடை கண்டால் பிள்ளைக்கே நட்டம்.

இவ்வழக்கு புதியதன்று. 2001ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஓஸ்ரின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், தொடக்கப் பாடத்திலிருந்து ஹாஸ்கெல் என்னும் செய்நிரல் மொழியை நீக்கி, வணிக உலகிற் பெயர்பெற்ற ஜாவாவைப் புகுத்த முற்பட்டனர். அங்கே பேராசிரியராயிருந்து ஓய்வுபெற்ற ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா அதனை எதிர்த்துக் கடிதம் எழுதினார். பழகும் கருவியே சிந்தனைப் பழக்கத்தை உருவாக்கும் என்பது அவர் வாதம்.

அத்திவாரம் என்பது யாது? அகரவரிசையில் அமைந்த பத்து லட்சம் பெயர்களுள் ஒன்றைத் தேடுகிறோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பத்து லட்சம் தடவையும் பார்க்க நேரலாம். நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சியதில் மீண்டும் நடுவைப் பார்த்துச் சென்றால் 20 தடவை போதும். மொழிகள் மாறும், இவ்வுண்மை மாறாது.

ஆயினும், ஏட்டறிவே போதுமென்போரும் ஒன்றைக் கேட்டல் வேண்டும். இதே தேடலுக்கென ஜாவாவுடன் வழங்கப்பட்ட ஆயத்தச் செய்நிரலில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழை ஒளிந்திருந்தது. அதனை எழுதிய யோசுவா புளொக்கே 2006இல் அதைப் பகிரங்கப்படுத்தினார். நடுவைக் காண இரு எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தல் கணக்கிற் சரியே. ஆனால், அங்கே பயன்பட்ட எண்வகை 2,147,483,647க்கு மேல் கொள்ளாது. கூட்டுத்தொகை அவ்வெல்லையைக் கடந்ததும் மறையெண்ணாகிவிடும். நூறு கோடிக்கு மேற்பட்ட உருப்படிகள் கொண்ட பட்டியலிலேயே இப்பிழை தலைகாட்டும். ஆதலாற் சிறு பரிசோதனைகளில் அகப்படவில்லை.

முறையை மட்டும் கற்றவன் யந்திரத்தின் எல்லையை மறப்பான். ஆயத்தச் செய்நிரலை ஏவ மட்டும் கற்றவன், அது பிழைக்கும் நாளிற் கைபிசைந்து நிற்பான். உழவு யந்திரம் ஓட்டத் தெரிந்தவரெல்லாம் கமக்காரர் ஆவதில்லை. மண்ணை ஏட்டில் மட்டும் அறிந்தவரும் ஆவதில்லை.

ஆகவே பெற்றோரே, "எந்த மொழி கற்பிக்கிறீர்கள்?" என்று கேளாதீர்கள். "எங்கள் பிள்ளை தன் கையால் எழுதி, பிழை கண்டு, அதன் காரணத்தை விளக்கப் பயிற்றுகிறீர்களா?" என்று கேளுங்கள். புதுக் கருவியை உத்தியோகத்திற் சில மாதங்களிற் பழகலாம். அத்திவாரமிட அங்கே எவரும் நான்கு ஆண்டுகள் தரமாட்டார்.