மணப்பந்தலிலிருந்து போர்க்களத்துக்கு



நம் தொண்டூர்ப் பாறைகளில் பள்ளிகொண்ட பெருமாளும் உண்டு, சமணரின் பார்சுவநாதரும் உண்டு. செஞ்சி தேசிங்குராஜன் கதையோ நாமெல்லாம் கேட்டு வளர்ந்தது. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு 1714-இல் நடந்த அந்தப் போரை மதச்சண்டை என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இல்லை. அது கப்பப் பாக்கிக்காக மூண்டது. நவாபின் ஆட்களில் இந்துக்களும் இருந்தனர். தேசிங்கின் உயிர்த்தோழனோ இஸ்லாமியனான மகமத்கான். சேதி கிடைத்ததும் மணப்பந்தலிலிருந்தே குதிரையேறி வந்து, நண்பனுக்காகப் போரில் மடிந்தான் என்கிறது கதைப்பாடல்.

கடைசி இராவுணவில் ஆண்டவர் எந்த அன்பை மேலானது என்றாரோ, அது இதுதானே? அந்த வசனத்தை எத்தனை முறை பிரசங்கித்திருப்போம்! மகமத்கானை ஒருமுறையேனும் சொன்னதில்லை. நீலாம்பூண்டியில் அவன் சமாதியைக் காட்டுகிறார்கள். அடுத்த முறை மறைக்கல்விப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லும்போது அங்கேயும் போவோம்.