சாவியைக் கொடுத்த பின்னும் தீராத பொறுப்பு

 



உளூவின் மஸ்அலாவை ஆலிம்களிடம் தயங்காமல் கேட்கும் நாம், வாடகை வீட்டின் கூரை ஒழுகினால் செலவு யாருடையது என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் எத்தனையோ மனக்கசப்புகள் நேர்ந்திருக்கா.

வாடகை ஒப்பந்தத்தை ஃபிக்ஹ் நூல்கள் 'இஜாரா' என்கின்றன. அதில் விற்கப்படுவது வீடன்று, வீட்டின் பயன். கூரை ஒழுகிப் பயன் கெட்டால் அதனைச் சீராக்குவது உரிமையாளரின் கடமை. அவர் செய்யாவிடில் ஒப்பந்தத்தை முறித்து வெளியேறும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. டமாஸ்கஸில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில் இதை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துள்ளார்கள் என்று பாருங்கள். கூரையில் விழுந்த பனியை அகற்றுவது உரிமையாளர் மீது; முற்றத்துப் பனியையும் குப்பையையும் அகற்றுவது குடியிருப்பவர் மீது! நமக்குப் பனி இல்லை. ஐப்பசி மழை இருக்கிறது.

"வாடகை வேண்டாம், வீட்டைப் பழுதுபார்த்துக்கொண்டு குடியிருங்கள்" என்று பேசுவதையும் அந்நூல் செல்லாததாக்குகிறது. பழுதுச் செலவு நூறா, இலட்சமா என்று யாருக்கும் தெரியாது. அளவு தெரியாத ஒன்று வாடகையாக ஆக முடியாது.

குடியிருப்பவருக்கோ அந்த வீடு அமானத். புழக்கத்தில் இயல்பாகத் தேயும் பொருளுக்கு அவர் ஈடு தரவேண்டியதில்லை. ஆனால் குழாய் கசிவதைக் கண்டும் சொல்லாமல் சுவர் ஊறும் வரை விட்டிருந்தால் அது அமானத்தைப் பேணுவதாகாது. அனுமதி பெறாமல் செலவு செய்துவிட்டு வாடகையில் கழிப்பதும் சரியன்று. அச்செலவை ஃபுகஹாக்கள் நன்கொடையாகவே கருதுகின்றனர்.

2019 பிப்ரவரியில் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் ஏறத்தாழ இதே வழியில் செல்கிறது. அதன் அட்டவணையில் கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், மின்கம்பி மாற்றுதல் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவருக்கு. எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அச்சட்டம் கட்டாயமாக்கியுள்ளது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அட்வான்ஸ் என்பது உரிமையாளரின் வருமானமன்று. திருப்பித் தரவேண்டிய கடன். முன்கூட்டியே தொகை குறித்து இருவரும் பொருந்திக்கொண்டிருந்தால் அது வேறு செய்தி. அப்படி எதுவும் பேசாமல், வெளியேறும் நாளில் "வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை" என்று பிடித்துக்கொள்வது பிறர் பொருளை அநியாயமாக உண்பதாகும். மகளின் திருமணத்துக்கென அந்தத் தொகையை எண்ணியிருக்கும் ஏழைத் தகப்பனின் நிலையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அவர் வாய்விட்டுக் கேட்காததால் ஹராம் ஹலாலாகிவிடாது.

பள்ளிவாசலுக்குச் சொந்தமான வக்ஃபு வீடுகளும் இதற்கு விலக்கல்ல. அங்கே உரிமையாளரின் இடத்தில் நிர்வாகம் நிற்கிறது. வக்ஃபு வருமானத்தின் முதல் செலவு அந்தச் சொத்தின் பராமரிப்பே என்று ஃபுகஹாக்கள் எழுதியுள்ளனர். இமாமின் சம்பளம் அதற்குப் பிறகுதான்; அச்சம்பளத்தை வாங்கும் நானே இதைச் சொல்கிறேன். எனவே முத்தவல்லி அவர்கள், அடைமழைக்கு முன் நமது வக்ஃபு வீடுகளின் கூரைகளை ஆள் வைத்துப் பார்த்துவிடட்டும்.