முற்றத்தில் முளைக்கும் நஞ்சு



மட்டாஞ்சேரியில் வாழும் தமிழர் பலருக்குத் தோட்டம் என்பது கிணற்றடியும் மதிலோரமுமே. நாலு வெண்டை, ஒரு கறிவேப்பிலை, ஒரு துளசி, அவ்வளவுதான். ஆயினும் இடவப்பாதி மழை ஒரு மாதம் பெய்துவிட்டால், நாம் விதைத்தவற்றைவிட விதைக்காதவையே செழித்துவிடுகின்றன. அவற்றுள் மூன்று வெறும் களைகள் அல்ல, நஞ்சு.

முதலாவது ஊமத்தை. மலையாளத்தில் உம்மம் என்பர். குழல் போன்று நீண்ட பூவும் முள் போர்த்த உருண்டைக் காயும் அதன் அடையாளம். செடி முழுவதும் நஞ்சு, விதையில் மிகுதி. உண்டவர்க்கு நா உலரும், கண்மணி விரியும், அறிவு தடுமாறும். காய் வெடிக்குமுன் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். வெடித்துச் சிந்திய விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கும்.

இரண்டாவது உண்ணிச்செடி. இங்கே கொங்கிணி என்றும் அரிப்பூ என்றும் வழங்குவர். வெப்ப அமெரிக்க நாடுகளில் பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்தது. பல நிறம் கலந்த சிறு பூங்கொத்து, சொரசொரப்பான இலை, கசக்கினால் எழும் நெடி ஆகியவற்றால் அறியலாம். தழையைத் தின்னும் ஆடுமாடுகளுக்கு ஈரல் கெடும். பச்சைக் காய் குழந்தைகளுக்கு ஆகாது. தரைமட்டத்தில் வெட்டினால் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். துளிர்விடும் பகுதி தண்டும் வேரும் கூடுமிடத்தில் உள்ளது. ஆகவே மண்ணுக்குள் சில அங்குலம் தோண்டி, அதற்குக் கீழே ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்துக.

மூன்றாவது குன்றிமணிக் கொடி. மலையாளத்தில் குன்னிக்குரு.  ஓடு உடையாத மணி பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும்; கடித்து மென்றாலோ உயிருக்கே ஆபத்து. நெற்றுகள் பிளக்குமுன் பறித்து, பின்னர் வேரைத் தோண்டி எடுக்க வேண்டும்.

இவ்வேலைக்குக் கையுறை அவசியம். முடியும்வரை கண்ணைத் தொடலாகாது. பிடுங்கியவற்றை எரிக்க வேண்டாம்; ஊமத்தைப் புகையும் நஞ்சு. காய்களை எருக்குழியில் போடாமல் தனியே கட்டி, கழிவு எடுக்க வருவோரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். உப்பைக் கொட்டினால் களையோடு மண்ணும் கெடும். சிறு முற்றத்திற்குக் களைக்கொல்லியும் தேவையில்லை. ஈரமண்ணில் வாரம் ஒருமுறை கையால் களைவதே போதும். ஒரே ஆண்டில் ஒழியாது. சில மழைக்காலங்கள் விடாது செய்தால் ஒழியும்.

இறுதியாக ஒன்று. கொச்சியை ஆண்ட டச்சுக்காரர்களுள் ஒருவரான வான் ரீடு, மலையாள நாட்டின் செடிகளைப் பற்றித் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்களும் அதற்கு உதவினர். படங்களில் செடியின் பெயரைப் பல எழுத்துகளில் பொறித்தனர். பல மொழி வழங்கும் ஊரில் ஒரு பெயர் போதாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நமக்கும் அதுவே பாடம். குழந்தை எதையேனும் மென்றுவிட்டால், மருத்துவமனையில் "உண்ணிச்செடி" என்று தமிழில் சொல்வது எல்லோருக்கும் விளங்காது. குன்றிமணியின் நஞ்சோ சில மணி நேரம் கழித்தே, சிலபோது மறுநாளே, குறி காட்டும். ஆகவே காத்திராமலும், வாந்தி எடுக்கச் செய்யாமலும், அச்செடியின் ஒரு கிளையைப் பையில் இட்டு உடனே கொண்டு செல்லுங்கள். மலையாளப் பெயரை வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும். அயல்வீட்டாரிடம் கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள்.